வச்சிருக்கேனா, வந்திருக்கேனா? தக்கலை வழியாகப் பிரெஞ்சு இறந்தகாலம்

பிரெஞ்சு படிக்க வருகிறவர்கள் நிகழ்காலத்தை எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். நான் பேசுகிறேன், நீ பேசுகிறாய் என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். 'பேசினேன்' வந்ததும் முகம் வாடிவிடும். இதற்குக் காரணம் பிரெஞ்சு இல்லை, இங்கிலீஷ் என்பது என் கட்சி. தமிழில் யோசித்து, அதை இங்கிலீஷாக்கி, அங்கிருந்து பிரெஞ்சுக்குத் தாவப் பார்க்கிறார்கள். நடுவில் இருக்கிற அந்த ஆளைக் கழற்றிவிட்டால் பாதி சிக்கல் தீர்ந்துவிடும். நாம் வீட்டில் பேசுகிற பேச்சிலேயே பிரெஞ்சு இறந்தகாலத்துக்கு வேண்டிய சங்கதியெல்லாம் கிடக்கிறது.

எங்கள் வீட்டு சிட்அவுட்டில்தான் வகுப்பு. சாயங்காலம் ஆனால் இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். ஒன்று பிளஸ் ஒன் பிள்ளைகள். தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சு எடுத்தால் மார்க் அள்ளலாம் என்று யாரோ சொல்ல, நாகர்கோவில் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் அதை எடுத்திருப்பார்கள். தமிழை வேண்டாமென்று விட்ட பிள்ளைக்குத் தமிழை வைத்தே பிரெஞ்சு சொல்லிக்கொடுப்பதில் எனக்கு ஒரு சின்ன திருப்தி இருப்பதை மறைப்பானேன். இன்னொன்று நர்ஸ் பிள்ளைகள். கருங்கல், மார்த்தாண்டம், திங்கள்சந்தை என்று சுற்றுவட்டாரத்திலிருந்து டியூட்டி முடிந்து வருவார்கள். எல்லாருக்கும் கனடாதான் குறி. 2023ஆம் வருஷம் கனடா அரசு எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற குடியேற்ற முறையில் பிரெஞ்சு தெரிந்தவர்களைத் தனியாகக் கூப்பிட ஆரம்பித்த பிறகு இந்தக் கூட்டம் கூடியிருக்கிறது. கேட்பது, வாசிப்பது, எழுதுவது, பேசுவது என நாலிலும் கனடாவின் பிரெஞ்சு அளவுகோலில் ஏழாம் நிலை வேண்டும். அதற்காக எழுதுகிற டெஃப் கனடா என்ற பிரெஞ்சுப் பரீட்சையின் எழுத்துப் பகுதியில் முதல் கேள்வியே இறந்தகாலம்தான். ஒரு பத்திரிகைச் செய்தியின் தொடக்கத்தைக் கொடுத்து, மேற்கொண்டு என்ன நடந்தது என்று குறைந்தது 80 சொல்லில் எழுதச் சொல்வார்கள். நேரம் 25 நிமிஷம். இறந்தகாலம் தடுமாறினால் அங்கேயே மார்க் போகும்.

சரி, வினைக்கு வருவோம். விதிப்படி நடக்கிற வினை ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: 'பார்லே', அதாவது பேசு. எழுத்தில் இது இ, ஆர் என்ற இரண்டு எழுத்தில் முடியும். பிரெஞ்சு வினைகளில் பெரும்பாலானவை இந்த ஜாதிதான். புதிதாக ஒரு வினை உண்டானாலும் இந்த வரிசையில்தான் வந்து நிற்கும். இன்டர்நெட்டிலிருந்து இறக்கிக்கொள்வதற்கு வைத்திருக்கும் 'தெலெஷார்ஜே'கூட இதே வரிசை.

பேச்சு வழக்கில் அதிகம் புழங்கும் இறந்தகாலத்துக்கு 'பாஸே காம்போஸே' என்று பெயர். கூட்டி உண்டாக்கிய இறந்தகாலம். இரண்டு துண்டு. முதல் துண்டு 'அவ்வார்' என்ற துணைவினை. கையில் இருப்பது, வைத்திருப்பது என்று அதற்குப் பொருள். அதன் நிகழ்கால வடிவத்தைத்தான் போட வேண்டும். இரண்டாவது துண்டு வினையின் முடிந்த வடிவம். 'பார்லே'வின் கடைசி இ, ஆர் இரண்டையும் வெட்டிவிட்டு, அந்த இடத்தில் வலப்பக்கமாக மேல்நோக்கிச் சாய்ந்த கோடு போட்ட ஒரு இ. சத்தம் முன்னைப் போலவே 'பார்லே'.

ஜே பார்லே, பேசினேன். த்யூ ஆ பார்லே, பேசினாய். இல் ஆ பார்லே, பேசினான். எல் ஆ பார்லே, பேசினாள். நூ ஸவோங் பார்லே, பேசினோம். வூ ஸவே பார்லே, பேசினீர்கள். இல் ஸோங் பார்லே, பேசினார்கள்.

பார்த்தீர்களா, 'பார்லே' அசையவே இல்லை. முன்னால் நிற்கிறதுதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. நம் மொழியில் ஆள் யார் என்பது வினையின் கடைசியில் ஒட்டிக்கொண்டு வரும்: ஏன், ஆய், ஆன், ஆள், ஓம். அவர்களுக்கு அது முன்னால் வந்துவிடுகிறது, அவ்வளவுதான். அவ்வாரின் நிகழ்காலம் மனப்பாடம் ஆகிவிட்டால் விதிப்படி நடக்கிற ஆயிரக்கணக்கான வினைகளுக்கு இறந்தகாலம் கைக்கு வந்துவிட்டது. தேடினேன், ஜே ஷெர்ஷே. சாப்பிட்டேன், ஜே மான்ஜே. வேலை பார்த்தேன், ஜே த்ராவாயே.

இ, ஆர் தவிர இன்னும் இரண்டு வரிசை உண்டு. ஐ, ஆரில் முடிகிற 'ஃபினீர்' மாதிரி வினைகள் 'ஃபினி' என்று நிற்கும். முடித்தேன் என்பதற்கு ஜே ஃபினி. ஆர், இ என்று முடிகிற 'வாந்த்ர்' மாதிரி வினைகள் யூவில் முடியும்; விற்றேன் என்பதற்கு ஜே வாந்த்யூ. மார்த்தாண்டத்தில் மாமா தேன் விற்றார் என்று சொல்ல வேண்டுமானால், மோ நோங்க்ல் ஆ வாந்த்யூ த்யூ மியெல்.

மூன்றே மூன்று முடிவு. இதைப் பார்த்துப் பயப்படுகிற பிளஸ் ஒன் பையனிடம் நான் ஓடு, நட, படி, உண், வில் என்று ஐந்து சொல் கொடுத்து இறந்தகாலம் சொல்லச் சொல்வேன். ஓடினேன், நடந்தேன், படித்தேன், உண்டேன், விற்றேன். மூச்சு விடாமல் சொல்வான். எந்த வினைக்கு எது வரும் என்று யாருடா உனக்குச் சொல்லிக்கொடுத்தது? த், ட், ற், இன் என்று இறந்தகால இடைநிலைகளை நன்னூல் வரிசைப்படுத்துகிறது. அதைப் படித்தா நாம் பேசினோம்? இவ்வளவையும் சுமந்துகொண்டு நடக்கிற வாய்க்கு மூன்று முடிவு ஒரு பாரமா?

இனி துணைவினை. இங்கேதான் இங்கிலீஷ் வந்து குட்டையைக் குழப்பும். இங்கிலீஷில் பேசினேனுக்கு ஒரு வடிவம், பேசியிருக்கிறேனுக்கு இன்னொரு வடிவம், கேள்வி கேட்டால் வேறொன்று. பிரெஞ்சில் ஜே பார்லே என்பதே பேசினேன், பேசியிருக்கிறேன் இரண்டுக்கும் போதும். நேற்று என்று சேர்த்தாலும் அதேதான், எப்போதோ என்று சேர்த்தாலும் அதேதான்.

தமிழ் வழியாக வந்தால் இங்கே ஒரு பள்ளம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். நமக்குத் துணைவினை 'இரு'. பேசியிருக்கேன், படிச்சிருக்கேன், வந்திருக்கேன், எல்லாவற்றுக்கும் ஒரே இரு. பிரெஞ்சில் 'இரு' என்பதற்கு 'எத்ர்' என்று தனிச்சொல் இருக்கிறது. அதனால் வகுப்பில் சேர்ந்த புதிதில் எல்லாருமே 'ஜெ ஸ்வி பார்லே' என்று எத்ரைப் போட்டு எழுதிக்கொண்டு வருவார்கள். அதைச் சிவப்பு மையால் அடித்துக்கொண்டிருப்பதை விட, நம் பேச்சில் இன்னொரு துணைவினை இருப்பதை நினைவுபடுத்துவது நல்லது. 'வச்சிருக்கேன்' இருக்கிறதே!

சோறு பொங்கி வச்சிருக்கேன். துணி துவைச்சு வச்சிருக்கேன். காசு ஒளிச்சு வச்சிருக்கேன். டாக்டர்கிட்ட பேசி வச்சிருக்கேன். கையில் பணம் இருந்தாலும் வச்சிருக்கேன்தான். அவ்வாரும் இதே வேலையைத்தான் செய்கிறது. செய்த காரியத்தை உடைமை மாதிரி கையில் வைத்திருப்பது. சோறு பொங்கி வச்சிருக்கேன் என்பதற்கு ஜே ப்ரெபாரே லெ ரி. ஆனால் நாகர்கோவிலுக்குப் 'போய் வச்சிருக்கேன்' என்று யாரும் சொல்லமாட்டோம். போயிருக்கேன், வந்திருக்கேன், இறங்கியிருக்கேன்தான். வந்தது நான், இப்போது இங்கே இருப்பதும் நான். எடுத்து வைக்கப் பொருள் எதுவும் இல்லை. அந்த இடத்தில் பிரெஞ்சும் எத்ரைப் போடுகிறது. ஜெ ஸ்வி ஸாரிவே, வந்து சேர்ந்திருக்கேன். 'நேரம் கெட்ட நேரத்துல வந்து வச்சிருக்கான்' என்று எரிச்சலில் சொல்வதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

இதைச் சட்டமாக எடுத்துக்கொண்டு கிளம்பிவிடவும் கூடாது. நடந்து வச்சிருக்கேன் என்று நாம் சொல்வதில்லை, ஆனால் பிரெஞ்சில் நடப்பதற்கு அவ்வார்தான்: ஜே மார்ஷே. தூங்குவதற்கும் ஓடுவதற்கும் அதுவே. எத்ர் எடுக்கும் வினைகள் ஒரு சின்னப் பட்டியல். அதைத் தனியாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். தனக்குத்தானே செய்துகொள்ளும் வினைகளும், குளித்துக்கொண்டேன், எழுந்துகொண்டேன் மாதிரி, எத்ர் பக்கம்தான். அது வேறொரு நாளைக்கு.

அந்தச் சின்னப் பட்டியலுக்கு வெள்ளைக்காரர்கள் முதலெழுத்தைக் கோத்து ஒரு டாக்டர் தம்பதியின் பெயரை உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். எனக்கு அது ஒட்டவே இல்லை. என் வகுப்பில் அந்த வேலையைச் செய்வது டிலனாய்.

தக்கலையிலிருந்து நடக்கிற தூரம்தான் புலியூர்க்குறிச்சி, உதயகிரிக் கோட்டை. வனத்துறை பூங்காவாக வைத்திருக்கிற அந்த மதில்களுக்குள், கூரையில்லாத சின்னத் தேவாலயத்தில் டிலனாயின் கல்லறை இருக்கிறது. கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்து. டச்சுக்காரர்களின் கம்பெனிப் படையோடு வந்து, 1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டவர். அப்புறம் அதே ராஜாவின் படையில் சேர்ந்து, திருவிதாங்கூர்ச் சிப்பாய்களுக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்து, பெரிய தளபதியானவர். 1777இல் இங்கேயே செத்துப்போனார். நாம் டிலனாய் என்று கூப்பிடுவதைப் பிரெஞ்சுக்காரன் 'த லன்வா' என்பான். வட பிரான்ஸில் லில் நகரத்துக்குப் பக்கத்தில் அந்தப் பெயரில் ஒரு ஊரே இருக்கிறது. டச்சுக் கப்பலில் வந்தவர் என்றாலும் பெயர் பிரெஞ்சுப் பெயர்.

இவருடைய வாழ்க்கையைச் சொல்லிக்கொண்டே வந்தால் எத்ர் பட்டியல் பெரும்பகுதி வந்துவிடும். இல் எ நே, பிறந்தார். இல் எ தாரிவே, குளச்சலுக்கு வந்து சேர்ந்தார். இல் எ தெஸாந்த்யூ, கப்பலிலிருந்து இறங்கினார். இல் எ தாந்த்ரே, ராஜாவின் படைக்குள் நுழைந்தார். இல் எ ரெஸ்தே, இங்கேயே தங்கினார். இல் நெ பா ராந்த்ரே, வீடு திரும்பவில்லை. இல் எ மோர், செத்தார். பிறந்ததும் செத்ததும் மட்டும்தான் இதில் விதிக்கு அடங்காதவை. மற்றதெல்லாம் பார்லேயும் வாந்த்ரும் போன வழியில் போகிற சாதாரண வினைகள். வந்து போய் இருந்து செத்ததெல்லாம் எத்ர். நடுவில் அந்த மனுஷன் செய்த வேலைகள் மட்டும் அவ்வாருக்குப் போகும்: இல் ஆ த்ராவாயே, வேலை பார்த்தார், இல் ஆ ஆந்த்ரேனே லே ஸொல்தா, சிப்பாய்களைப் பழக்கினார்.

ஞாயிற்றுக்கிழமையில் பிள்ளைகளைக் கோட்டைக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவேன். மரத்தடியில் உட்கார்ந்து அந்த மனுஷனின் கதையைப் பிரெஞ்சில் சொல்ல வேண்டும், தமிழ் வாயில் வரக் கூடாது. ஒரு பிள்ளை, பிடிபட்டவர் எதற்காக எதிரிக்கு வேலை பார்த்தார், எங்க மாமா சவுதியில மாட்டிக்கிட்ட மாதிரியா என்று கேட்டாள். பிரெஞ்சில் கேட்டால் பதில் சொல்கிறேன் என்றேன். அவள் பையப் பைய, ஒவ்வொரு சொல்லாகக் கோத்து, கேட்டே விட்டாள். அந்தக் கேள்வியில் இரண்டு பாஸே காம்போஸே சரியாக வந்திருந்தது. பதில்தான் என்னிடம் சரியாக இல்லை.

எத்ர் வந்தால் ஒரு கூடுதல் வேலை உண்டு. ஆள் பெண்ணானால் முடிந்த வடிவத்தின் கடைசியில் இன்னொரு இ சேரும், பலரானால் எஸ். 'எல் எ தாரிவே' என்று சொல்லும்போது காதுக்கு எதுவும் தெரியாது. எழுதும்போது விட்டால்தான் மார்க் போகும். வந்தான், வந்தாள், வந்தார்கள் என்று வாய் திறந்தாலே ஆண் பெண் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதில்லை. அவ்வார் எடுக்கிற வினைகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. செயப்படுபொருள் வினைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தால் மட்டும் உண்டு. பிளஸ் ஒன்னில் அதைப் போட்டு உழப்ப வேண்டாம்.

இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல் வருவது. 'மோந்தே' என்றால் ஏறு, 'தெஸாந்த்ர்' என்றால் இறங்கு. இரண்டுமே எத்ர் பட்டியலில் உள்ளவை. ஆனால் சில சமயம் அவ்வாரோடு வந்து நிற்கும். இலக்கணப் புத்தகங்கள் இதற்கு விதிவிலக்கு என்று பெட்டி கட்டி, சின்ன எழுத்தில் போட்டிருக்கும். பிள்ளைகள் அந்தப் பெட்டியைப் பார்த்ததும் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள்.

வடசேரி பஸ் ஸ்டாண்டை நினைத்துக்கொள்ளுங்கள். நான் பஸ்ஸில் ஏறினேன்: ஜெ ஸ்வி மோந்தே. நான் மூட்டையை பஸ்ஸில் ஏற்றினேன்: ஜே மோந்தே லெ ஸாக். தக்கலையில் இறங்கினேன்: ஜெ ஸ்வி தெஸாந்த்யூ. மூட்டையை இறக்கினேன்: ஜே தெஸாந்த்யூ லெ ஸாக். ஏறு, ஏற்று, இறங்கு, இறக்கு. நமக்குத் தன்வினை, பிறவினை என்று இரண்டு சொல்லே தனித்தனியாக இருக்கிறது. பிரெஞ்சுக்காரனிடம் இருப்பது ஒரே சொல், அதனால் துணைவினையை மாற்றி வேறுபாட்டைக் காட்டுகிறான். தானே ஏறினால் எத்ர், இன்னொன்றை ஏற்றினால் அவ்வார். இங்கிலீஷ் வழியாக வருகிறவனுக்கு இது விதிவிலக்கு. 'மூட்டையை ஏறினேன்' என்று ஒரு நாளும் வாய் தவறிக்கூடச் சொல்லாத நமக்கு இது விதி. வெளியே போ என்கிற 'ஸோர்தீர்' வினையும் இப்படித்தான். நான் வெளியே போனேன் என்றால் எத்ர், பர்ஸை வெளியே எடுத்தேன் என்றால் அவ்வார். இந்த ஒரு இடத்துக்காகவே எல்லாரும் தமிழ் வழியாகப் பிரெஞ்சு படிக்கலாம் என்று சொல்லுவேன்.

எதிர்மறைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'ந', 'பா' என்ற இரண்டு துண்டும் துணைவினையை மட்டும் நடுவில் பிடித்துக்கொள்ளும். முடிந்த வடிவம் வெளியே நிற்கும். ஜெ நே பா பார்லே, நான் பேசலை. கவனிக்க வேண்டியது ஒன்றுதான். தமிழில் நான் பேசலை, நீ பேசலை, அவ பேசலை என்று எல்லாருக்கும் ஒரே வடிவம் வந்து ஆளே காணாமல் போய்விடும். அந்தப் பழக்கத்தில் பிரெஞ்சிலும் அவ்வாரை மாற்றாமல் விட்டுவிடுவார்கள். அங்கே ஆள் காணாமல் போகமாட்டான். அவ பேசலை என்றால் எல் நா பா பார்லே.

சரி, அடுத்த இறந்தகாலம், 'ஆம்பார்ஃபெ'. பெரிய தலைவலி என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். உண்டாக்குவது ரொம்ப எளிது. நிகழ்காலத்தில் 'நாங்கள்' வடிவம், நூ பார்லோங். அதன் வாலை நறுக்கினால் 'பார்ல்' மிஞ்சும். அதில் ஆளுக்கேற்ற வாலை ஒட்ட வேண்டும். ஜெ பார்லெ, த்யூ பார்லெ, இல் பார்லெ, நூ பார்லியோங், வூ பார்லியே, இல் பார்லெ. ஆறில் நாலு ஒரே சத்தம், எழுத்தில் மட்டும் மூன்று விதம். ஃபினீர் வினைக்கு நூ ஃபினிஸோங் என்பதால் ஃபினிஸெ. எல்லா வினைக்கும் இதே முறைதான். எத்ர் ஒன்றுதான் அடங்காப்பிடாரி, அது 'எதெ' ஆகும். மான்ஜே மாதிரி வினைகளில் நூ, வூ தவிர மற்றவற்றுக்கு ஜி எழுத்துக்குப் பின்னால் ஒரு இ சேர்த்து எழுத வேண்டும். இல்லையென்றால் ஜ சத்தம் க ஆகிவிடும்.

சிக்கல், இதை எப்போது போடுவது என்பதில்தான். இதற்கு வகுப்பில் எனக்கு ஒரு சம்பளமில்லாத வாத்தியார் உண்டு, எங்கள் மாமி. மாமியாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். சிட்அவுட் மூலையில் உட்கார்ந்து உள்ளி உரித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு நாள் எல்லாரும் பார்லெ, பார்லெ என்று கத்திக்கொண்டிருந்தபோது, "என்ன பிள்ளே இது, எல்லாருக்கும் ஒரே சத்தம். பிறகு எதுக்காக்கும் இத்தன வரி எழுதுகிய?" என்றார். அந்தக் கேள்விக்குப் பாரீஸிலும் பதில் கிடையாது, மாமி.

இன்னொரு நாள் கருங்கலிலிருந்து வருகிற நர்ஸ் சிஸ்டரிடம் பழைய கதை சொல்லிக்கொண்டிருந்தார். "அப்பம் சானல்ல தண்ணி நெறஞ்சு போகும் மக்ளே. நாங்க காலத்தே போவோம், குளிப்போம், துணி அலசுவோம், கதை பேசுவோம். எங்க அம்மை வந்து வெரட்டுவா. ஒரு நாள் எங்க அக்காளுக்க பாவாடை ஒழுக்கில போயிட்டு. அவ அழுதா. நாங்க சானல்கரை வழியா ஓடினோம், கிட்டல்ல."

நான் போர்டில் அப்படியே எழுதிப்போட்டேன். போவோம், குளிப்போம், அலசுவோம், பேசுவோம், வெரட்டுவா. நடந்து ஐம்பது வருஷத்துக்கு மேலாகியிருக்கும், வடிவம் மட்டும் எதிர்காலம்! தமிழில் பழைய வழக்கத்தைச் சொல்ல நாம் எதிர்கால வினையைத்தான் எடுப்போம், நாமே கவனிப்பதில்லை. அதற்குப் பிறகு 'ஒரு நாள்' என்றதும் மாமியின் வினை மாறிவிட்டது: போயிட்டு, அழுதா, ஓடினோம், கிட்டல்ல. முதல் கூட்டம் முழுக்க ஆம்பார்ஃபெ. இரண்டாவது கூட்டம் முழுக்க பாஸே காம்போஸே. மாமி ஒரு இடத்தில்கூடத் தப்பவில்லை. 'அலசினோம்' என்று சொல்லவில்லை, 'பாவாடை போகும்' என்றும் சொல்லவில்லை.

சிஸ்டர் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "டீச்சர், அப்ப 'வோம்' வந்தா ஆம்பார்ஃபெயா?" அதேதான். அதோடு 'கொண்டிருந்தேன்' வந்தாலும் ஆம்பார்ஃபெ. பேசிக்கிட்டிருந்தேன், ஜெ பார்லெ. வழக்கமாகப் பேசுவேன், அதுவும் ஜெ பார்லெ.

ரொம்ப நேரம் நடந்தால் ஆம்பார்ஃபெ, சட்டென்று முடிந்தால் பாஸே காம்போஸே என்று சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது பிழையில் கொண்டுபோய் விடும். பத்து வருஷம் சவுதியில் வேலை பார்த்த மாமா ஒருவர் நம் ஊரில் எல்லார் வீட்டிலும் இருப்பார். 'பத்து வருஷம் சவுதியில வேலை பார்த்தேன்' என்றுதான் சொல்வார், 'பார்ப்பேன்' என்று சொல்லமாட்டார். பிரெஞ்சிலும் ஜே த்ராவாயே தி ஸான் ஆ நாராபி ஸவூதித். பத்து வருஷம் என்று கணக்கு முடித்துக் கட்டியாகிவிட்டது, அதனால் பாஸே காம்போஸே. அவரே, 'அங்க வெள்ளிக்கிழமை நாங்க மீன்கறி வைப்போம்' என்று தொடங்கினால் ஆம்பார்ஃபெ. எத்தனை நேரம் என்பது முக்கியமில்லை. கதைக்குள்ளே நின்று சொல்கிறாரா, முடித்துவிட்டுச் சொல்கிறாரா என்பதுதான் பார்க்க வேண்டியது.

பரீட்சைக்கு இதை எப்படி எடுத்துக்கொண்டு போவது? சிஸ்டருக்கு நான் கொடுத்த பயிற்சி ஒரு கற்பனைச் செய்தி: திற்பரப்பு அருவியில் குரங்கு ஒன்று ஒரு பெண்ணின் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அவர் முதலில் எழுதியதில் எல்லாமே பாஸே காம்போஸே. பிள்ளைகள் விளையாடினார்கள், பெண்கள் பேசினார்கள், குரங்கு குதித்தது, பையைத் திருடியது. இலக்கணப்படி ஒன்றும் பிழையில்லை. ஆனால் போலீஸ் ஸ்டேஷனில் எழுதி வாங்கின மாதிரி இருந்தது. இதை மாமியிடம் எப்படிச் சொல்வீர்கள், சொல்லுங்கள் என்றேன். "பிள்ளையெல்லாம் தண்ணியில வெளயாடிக்கிட்டு இருந்துது, பொம்பளைய கதை பேசிக்கிட்டு இருந்தாவ, அப்பம் ஒரு கொரங்கு மதில்ல சாடிச்சு பாட்டி." சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே பிடிபட்டுவிட்டது.

லே ஸான்ஃபான் ஜுவெ தான் லோ, பிள்ளைகள் தண்ணீரில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். லே ஃபாம் பாவார்தெ, பெண்கள் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். இதுவரை ஆம்பார்ஃபெ. அப்புறம் குரங்கு வருகிறது, வினை மாறுகிறது. இல் ஆ ஸோதே, குதித்தது. இல் ஆ வொலே லெ ஸாக், பையைத் திருடியது. இல் ஆ தெஷிரே, கிழித்தது. இல் ஆ மான்ஜே லே ஷிப்ஸ், சிப்ஸைத் தின்றது. ஏத்தங்காய் சிப்ஸ் என்று எழுத வேண்டுமா என்று கேட்டார். எழுதுங்கள், பரீட்சை திருத்துகிறவருக்கும் வாய் ஊறட்டும். இந்தச் செய்தி முழுவதிலும் விதிக்கு அடங்காத வினை ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். 25 நிமிஷத்தில் எழுதுகிறவர்கள் கூடியமட்டும் இ, ஆர் வினைகளாகப் பொறுக்கிக்கொள்வது புத்திசாலித்தனம். ஒரே அர்த்தத்துக்கு இரண்டு வினை தெரிந்தால் விதிப்படி நடக்கிறதை எடுங்கள். பரீட்சையில் வீரம் காட்ட வேண்டாம்.

மூன்றாவதாக ஒரு இறந்தகாலம் உண்டு, பாஸே ஸாம்ப்ள். துணைவினை எதுவும் இல்லாமல் ஒற்றைச் சொல்லாக வரும். இல் பார்லா, பேசினான். நூ பார்லாம், பேசினோம். கதைப் புத்தகங்களிலும் சரித்திரப் புத்தகங்களிலும்தான் இருக்கும். யாரும் வாயால் பேசுவதில்லை. நாம் 'உரைத்தனன்' என்று எழுத்தில் பார்த்தால் புரிந்துகொள்கிறோம், சாயாக்கடையில் சொல்வதில்லை, அந்த மாதிரி. வாசிக்கும்போது அடையாளம் தெரிந்தால் போதும். பிளஸ் டூ பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்ய ராத்திரி கண்விழிப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். அந்த நேரத்தில் அவ்வாரையும் எத்ரையும் இன்னும் இருமுறை எழுதிப் பார்க்கலாம்.

இந்த வாரம் வருகிறவர்களுக்கு வீட்டுப்பாடம்: உங்கள் வீட்டில் இருக்கிற மூத்த ஆள் யாரிடமாவது பழைய கதை ஒன்று கேளுங்கள். அவர் சொல்கிறபடியே, பேச்சு வழக்கை மாற்றாமல் எழுதிக்கொள்ளுங்கள். 'வோம்', 'வா', 'கிட்டிருந்து' வருகிற வினையையெல்லாம் பச்சையில் கோடிடுங்கள், மற்றதை நீலத்தில். அப்புறம் நீலத்தில் உள்ளதில் எதெது வச்சிருக்கேன், எதெது வந்திருக்கேன் என்று பிரித்துக்கொண்டு வாருங்கள். பிரெஞ்சில் எழுதுவதைச் சனிக்கிழமை சேர்ந்து செய்வோம்.